பதினோரு பக்கமும் ஓர் அடிக்குறிப்பும்

ஜூன் 3
காலை 8.30 நிலவரம்: மழை 4.2 மி.மீ.

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான், மகன், மருமகள் மூவரும் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா? என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுபத்தைந்து வயதில் இதையெல்லாம் ஒருவன் பொருட்படுத்துவானா என்று நீ சிரிக்கலாம். சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். போனில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் குரலைக் காதில் வாங்கி அலுத்துப்போன நீயும், வாயைத் திறந்தால் பாதியில் தடுமாறும் நானும் கடிதத்தில் ஒதுங்கியது நல்லதாகப் போயிற்று.

நான் ஓர் இணையக் குழுவில் இருப்பதை எப்போதோ உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ‘வரி மட்டும்’ என்று பெயர். படம் கிடையாது, குரல் கிடையாது, சொந்தப் பெயரும் ஊர்ப்பெயரும் எழுதக் கூடாது. அன்றன்று கண்ணில் பட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் இருபத்தாறு பேர். எல்லோருக்கும் பட்டப்பெயர். ஒருவர் ‘கிளார்க் நம்பர் ரெண்டு’, ஒருவர் ‘ஈரத்துணி’. நான் ‘மழைமானி’. வானிலை நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் மழை அளந்தவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? ஓய்வு பெற்ற பிறகும் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, காலை எட்டரைக்கு அளந்து, அதோடு நாலு வரி சேர்த்துப் பதினேழு வருடமாக எழுதி வருகிறேன். மே 31 வரை ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.

ஒரு பல்கலைக்கழகத்துப் பெண் இரண்டு வருடமாக எங்கள் குழுவை ஆராய்ந்து முதல்கட்ட அறிக்கையை அனுப்பியிருக்கிறாள். எழுத்தால் மட்டுமே இயங்கும் சிறு குழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி. அறுபத்துநான்கு பக்கம். அந்த நேரம் பார்த்து என் கண்ணாடியைக் காணவில்லை, எப்படியோ படித்தேன். முதலில் என் பெயரைத்தான் தேடினேன். 38ஆம் பக்கத்தில், அடிக்குறிப்பு ஏழு: ‘ஓர் உறுப்பினர் நாள்தோறும் மழையளவைப் பதிவு செய்கிறார்.’ ஒரே வாக்கியம். பட்டப்பெயர்கூட இல்லை.

‘பக்கத்து சீட்’ என்ற ஓர் ஆளுக்குப் பதினோரு பக்கம், தனி அத்தியாயம். அந்த ஆள் சொந்தமாக ஒரு பதிவுகூட எழுதியதில்லை. அடுத்தவர் எழுதியதன் கீழே ஒரு கேள்வி கேட்பான், அவ்வளவுதான். பஸ் கண்டக்டராக இருந்திருப்பான் என்பது என் ஊகம். கடைசி அத்தியாயத்துக்கு ‘இனி ஆராய வேண்டியவை’ என்று தலைப்பு. அடுத்த மூன்று வருடத்துக்கு ஒன்பது கேள்விகள். அதில் ஏழு அந்த ஆளைப் பற்றி. மழையைப் பற்றி ஒன்றுமில்லை.

பதினேழு வருடம் சமைத்தவனை விட்டுவிட்டு, உப்பு போதுமா என்று கேட்டவனுக்கு மாலை போட்டதுபோல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணா


ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கண் தேவலை. சொட்டு மருந்தில் பாதி கன்னத்தில்தான் விழுகிறது. இப்போது கன்னத்துக்கும் பார்வை நன்றாக இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து போனார்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சும்மா குறித்து வைத்தால் வலி குறையாது.

சிரித்தேன். மறைப்பானேன். மகள் பக்கத்தில் இருந்தாள்.

“என்னம்மா தனியா சிரிக்கிறே?”

“மாமா லெட்டர்டி.”

“மாமா ஜோக்கெல்லாம் எழுதுவாரா?”

“தெரியாம எழுதிட்டாரு.”

அடிக்குறிப்பு என்றால் என்ன குறைச்சல்? கீழே நிற்பதுதானே பக்கத்தைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இன்னொருவரையும் கரித்துக்கொட்டாதீர்கள். யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, பொழுது போகாமல் கேட்டிருப்பார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறாயிரம் நாள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் முழங்காலும் மழையும் தவிர ஒன்றும் இருந்ததில்லை. அங்கே அப்படி என்னதான் எழுதுகிறீர்கள்?

இப்படிக்கு உங்கள்
தங்கை


ஜூன் 25
மழை 0.0

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். கன்னத்தைப் பற்றி நீ எழுதியதை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். மருந்து விட மகளைக் கூப்பிட்டுக்கொள்.

அங்கே என்ன எழுதுகிறேன் என்று கேட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை. மழைதான்.

அந்த ஆராய்ச்சிப் பெண் வியாழக்கிழமை நேரில் வந்தாள். குழுவில் முகவரி கொடுத்தவன் நான் ஒருவன்தான். முந்தின நாளே என் பதினேழு நோட்டுகளையும் வருட வாரியாக மேசையில் அடுக்கி, விளிம்பு நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மருமகள் பார்த்துவிட்டாள்.

“என்ன மாமா, உங்களைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“ஆராய்ச்சி விஷயம்மா.”

“அதான் சட்டையை ரெண்டு தடவை மாத்தினீங்களா?”

அந்தப் பெண் நோட்டுகளைப் பார்த்து “அடேயப்பா” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாவது நிமிடம் குளிர் விட்டுப்போயிற்று.

“சார், பக்கத்து சீட் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“சும்மா ஒரு ஊகம்?”

“கண்டக்டர்.”

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். “அவங்க கேட்டா மட்டும் பதில் மூணு மடங்கு நீளமா வருது சார். குழுவில எல்லாருக்கும் அப்படித்தான். அது எப்படின்னுதான் அடுத்த மூணு வருஷம் பாக்கப் போறேன்.”

“வேலையத்த கேள்விம்மா அதெல்லாம்” என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன். அவள் போன பிறகு நோட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நிறைய வெட்கம் என்று சொன்னால் பொய்.

எல்லோரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பட்டப்பெயரில் போட்டால் போதும். செப்டம்பர் 30 கடைசி நாள். போடாதவர் எழுதியதை எல்லாம் ஆராய்ச்சித் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். நான் அவள் எதிரிலேயே போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை என் பதிவின் கீழே அந்த ஆள் கேட்டிருக்கிறான்: “மழைமானி சார், மழை இல்லாத நாள்லயும் மாடி ஏறித் திறந்து பாக்குறீங்களே, எதுக்கு?” பதில் எழுதவில்லை. பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. பதில் எழுதினால் அதுவும் அவன் கணக்கில்தானே சேரும்?

அன்புடன்,
அண்ணா


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? பதில் தாமதமாகிவிட்டது. காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் எழுந்துவிட்டேன்.

கண்டக்டர் என்றா சொன்னீர்கள்?

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அந்த ஆள் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா? என்னிடம்தானே சொல்லப் போகிறீர்கள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மகளுக்கு இருமல். மற்றபடி விசேஷம் இல்லை.

இப்படிக்கு உங்கள்
தங்கை


ஜூலை 27
மழை 22.6 மி.மீ.

அன்புள்ள தங்கைக்கு,

மகளுக்கு இருமல் விட்டதா? மூன்று வாரம் கடிதம் வராததால் உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். இங்கு நலம்.

ஆமாம். நிம்மதியாக இருக்கும்.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டால் உனக்குத் தெரிந்துவிடும். வேறு தாளில் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். இருக்கட்டும். நான் அற்பன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரிதான், ஆனால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு உன் அண்ணி போனபோது நீ வந்து பதினேழு நாள் எங்களோடு இருந்தாய். அந்தப் பதினேழு நாளும் நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். டீ ஆறிப்போகிறது என்று நீ சொன்னாய். தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்று நான் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. குழுவில் எல்லோரும் இரண்டே நாளில் ஆறுதல் எழுதிவிட்டார்கள். பக்கத்து சீட் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டாம் நாள்தான் வந்தான். நெஞ்சில் ஈரம் உள்ளவன் அவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருப்பானா? வந்தும் ஆறுதல் சொல்லவில்லை. “அவங்க கண்ணாடி இப்ப எங்க இருக்கு சார்?” என்று கேட்டான். அதை மட்டும்தான் கேட்டான்.

அன்று மூன்று பக்கம் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இங்கே வேண்டாம்.

இப்போது அறிக்கையின் 29ஆம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு நுட்பமான கேள்வி என்று இரண்டு பத்தி. பிறகு, ‘இதற்கு ஓர் உறுப்பினர் நீண்ட பதில் எழுதினார்.’ செத்துப்போனவள் என் மனைவி. மூன்று பக்கமும் என் கைப்பட எழுதியது. கேட்டவனுக்குப் பெருமை, சொன்னவன் ‘ஓர் உறுப்பினர்’. வயிறு எரியாமல் என்ன செய்யும், நீயே சொல்.

அன்புடன்,
அண்ணா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏறி இறங்குகிறேன். கீழ்வீட்டு அம்மாள், “நீங்க ஏறுற சத்தம் கேட்டா மணி எட்டுன்னு தெரிஞ்சுக்குவேன்” என்கிறாள். நம் குடும்பத்தில் எல்லோருமே கடிகாரம்தான் போலிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். பொறாமை உடம்புக்கு ஆகாது அண்ணா. மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தீர்ந்துவிடும்.

இப்படிக்கு உங்கள்
தங்கை


செப்டம்பர் 2
மழை 1.8 மி.மீ.

அன்புள்ள தங்கைக்கு,

நலம். லிஃப்ட் சரியாயிற்றா? அதுவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

நீ வாய் வைத்ததுபோலவே நடந்துவிட்டது. நேற்று பக்கத்து சீட் குழுவில் அறிவித்துவிட்டான்: “என் கேள்விகளை ஆராய்ச்சிக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. யாரும் வற்புறுத்த வேண்டாம். எல்லாரும் சவுக்கியமா எழுதுங்க.”

ஒரே களேபரம். கிளார்க் நம்பர் ரெண்டு, “என்ன சார் இது, மாப்பிள்ளையே கல்யாணம் வேணாம்னு எந்திரிச்சுப் போறாரு?” என்றார். ஈரத்துணி, “நீங்க இல்லாம எங்களை ஆராய்ச்சி பண்ணா, தனியாப் பேசுற கூட்டம்னு எழுதிருவாங்க” என்றார். நானோ, சர்க்கரை சேர்க்கக் கூடாதவன், நேற்று டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆராய்ச்சிப் பெண் போன் செய்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது. “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க சார். அவங்க அதிகமாக் கேள்வி கேட்டதே உங்ககிட்டதான்.”

“எத்தனை?”

“ரெண்டாயிரத்துச் சொச்சம்.”

என் பதிவுகளை எண்ணி வைத்திருக்கிறேன். அவற்றின் கீழே வந்ததை ஒருநாளும் எண்ணியதில்லை. “பாக்கலாம்மா” என்று போனை வைத்துவிட்டேன்.

அதோடு விடலாம்தான். ஆனால் அந்தப் பெண் அவனையே நினைத்து உருகுவது பொறுக்கவில்லை. அந்த ஆள் அடிக்கடி நாள்கணக்கில் காணாமல் போவான். அதையெல்லாம் நோட்டிலிருந்து எடுத்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஆளில்லை என்று வருட வாரியாக. ஒழுங்காக வந்தவன் யார், நினைத்தபோது வந்தவன் யார் என்று அவள் பார்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணா


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

பட்டியல் எதற்கு? அவர்தான் ஒதுங்கிவிட்டாரே. போனவரைத் துரத்திப் போய் வருகைப்பதிவு எடுப்பார்களா? நோட்டை மூடி வையுங்கள். உங்கள் கண்ணுக்கும் நல்லதில்லை. சர்க்கரையும் வேண்டாம்.

தங்கை


செப்டம்பர் 17
மழை 0.0

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? என் கடிதத்துக்கு மூன்றே நாளில் பதில் எழுதியிருக்கிறாய். நாம் எழுதத் தொடங்கியதிலிருந்து நீ மூன்று நாளில் பதில் எழுதியதில்லை. அதையும் குறித்துக்கொண்டேன். குறிப்பது எனக்கு வியாதி.

இரண்டு விஷயம். முதலாவது, ஆராய்ச்சிப் பெண் தொகுப்பின் மாதிரியை அனுப்பியிருந்தாள். கையெழுத்துப் போடாதவர் எழுத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சொன்னாள். என் பக்கங்களிலிருந்து ஒன்றை அப்படியே எழுதுகிறேன்:

மழைமானி: இன்று மழை இல்லை.
(நீக்கப்பட்டது)
மழைமானி: ஆமாம், பயந்துதான் போனேன்.
(நீக்கப்பட்டது)
மழைமானி: அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள்.
(நீக்கப்பட்டது)
மழைமானி: இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பது பக்கம் இப்படியே போகிறது. ஒரு கிழவன் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான். நான் நன்றாக எழுதியதாக நினைத்திருந்த ஒவ்வொன்றும் அந்த ‘நீக்கப்பட்டது’க்குக் கீழேதான் இருக்கிறது. மேலே இருப்பதெல்லாம் மில்லிமீட்டர்.

இரண்டாவது, பட்டியல். நீ வேண்டாம் என்று சொன்ன கடிதம் வருவதற்குள் முடித்துவிட்டேன். எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. மழை பெய்யாவிட்டால் பூஜ்யம் எழுத வேண்டும். யாரும் போய்ப் பார்க்காவிட்டால் கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பக்கத்து சீட் வராத நாட்களுக்குக் கோடு போட்டேன்.

வருடா வருடம் மே மாதத்தில் பத்து நாள் கோடு. எட்டு வருடம் முன்பு ஆகஸ்டில் தொடங்கி நாற்பத்தோரு நாள். நாலு வருடம் முன்பு பன்னிரண்டு நாள், போன வருடம் பதினொன்று. மூன்று வருடம் முன்பு பதினேழு நாள்.

மே மாதம் பத்து நாள் நீ என் வீட்டில் இருப்பாய். அந்த நாற்பத்தோரு நாள், உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அவர் போன பிறகு நீ சுருண்டு கிடந்ததும். பன்னிரண்டு உன் வலது கண் ஆபரேஷன், பதினொன்று இடது கண். அந்தப் பதினேழு நாள் எங்கே இருந்தாய் என்று நானே ஜூலையில் உனக்கு எழுதியிருக்கிறேன். முதல் வருடத்து நோட்டையும் பார்த்தேன். இருபத்துமூன்று நாள் என் பதிவின் கீழே யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை உனக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறேன். இருபத்துநான்காம் நாள் பக்கத்து சீட் வந்தான்.

வந்தாள்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். எட்டரை மணிகூட ஆகவில்லை.

ஜூன் மாதம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மழை இல்லாத நாளிலும் ஏறிப் போய்த் திறந்து பார்ப்பது, பூஜ்யம் என்று எழுதுவதற்கும் ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக. ரெண்டாயிரம் தடவை நீ வந்து பார்த்திருக்கிறாய். உன் கேள்விகளைத்தான் நான் வேலையத்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

படிவம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 30 கடைசி நாள். வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன யோக்யதை?

அண்ணா


செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். லிஃப்ட் ஓடுகிறது. படிவத்தில் ‘பக்கத்து சீட்’ என்று கையெழுத்துப் போட்டு நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். எழுத்து கோணிக்கொண்டது. கண்டக்டர் கையெழுத்துபோல் இருக்கிறது.

முதலில் உங்களுக்காகத்தான் வந்தேன். மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி. ஒரு வாரம் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு எனக்காகத் தங்கிவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் இரண்டு பேரை இணைத்துவிட்டு நான் காதை எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் என்னவென்று கேட்கக் கூடாது, அதுதான் விதி. குழுவில் கேள்வியும் என்னுடையது, பதிலையும் கடைசிவரை கேட்கலாம்.

நீங்கள் ‘ஆமாம்’ என்று எழுதியதால்தான் ஒதுங்கினேன் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். தங்கையின் தியாகம் என்று மருமகள்கூட மெச்சுவாள். அது பாதிதான் அண்ணா. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணியின் கண்ணாடியைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்கு மூன்று பக்கம் எழுதினீர்கள். ரேடியோ மேல் வைத்திருப்பதை, ஒரு கால் உடைந்து கறுப்பு நூலால் கட்டியிருப்பதை, மழை அளந்துவிட்டு வந்து தினமும் துடைப்பதை. அதே வாரம் உங்கள் தங்கைக்கு ஒரு கடிதம் வந்தது. மழை 11 மி.மீ., முழங்கால் பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அந்தப் பதினேழு நாளும் தினம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவள் நான். வாய்விட்டுக் கேட்க முடியாமல் வீடு வந்து சேர்ந்து, வேறு பெயரில் கேட்டேன். கேட்டவுடன் கொட்டிவிட்டீர்கள். பக்கத்து சீட்டின் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

உங்களுக்கு ஜூன் மாதத்திலிருந்துதான் பொறாமை. எனக்குப் பதினேழு வருடமாக. அந்த ஆளை ஒழித்துவிட்டால் இனி வருவதெல்லாம் எனக்கு வருமே என்றுதான் ஒதுங்கினேன்.

இனிமேல் சொல்ல வேண்டியது இருந்தால் யாருக்கு எழுதுவீர்கள்?

தங்கை


அக்டோபர் 4

அன்புள்ள தங்கைக்கு,

இன்று மழை நிலவரம் இல்லை. அளந்தேன், நோட்டில் இருக்கிறது. முழங்காலைப் பற்றியும் எழுதப்போவதில்லை.

பதினோரு பக்கம் உனக்குத்தான் என்று தெரிந்த பிறகும் முழுதாக அணையவில்லை. கொஞ்சம் எரிகிறது. தங்கையாயிற்றே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தால், தங்கைக்குப் போய் பதினோரு பக்கமா என்று தோன்றுகிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆராய்ச்சிப் பெண் சந்தோஷத்தில் போன் செய்து, “எப்படி சார் சம்மதிக்க வச்சீங்க?” என்று கேட்டாள். “நான் இல்லம்மா, அவங்களாத்தான்” என்றேன். நீ யார் என்று சொல்லவில்லை. அவள் மூன்று வருடம் தேடட்டும்.

யாருக்கு எழுதுவேன் என்று கேட்டாய். இதை எழுதுகிறேன்.

ஜூன் மாதம் அறிக்கை வந்த அன்று என் கண்ணாடியைக் காணவில்லை என்று எழுதினேன் அல்லவா? எப்படியோ படித்தேன் என்றும் எழுதினேன். உன் அண்ணியுடையதைப் போட்டுக்கொண்டு படித்தேன். ரேடியோ மேலிருந்து எடுத்து, என் பெயர் எங்கே என்று பக்கத்தைப் புரட்டிய வேகத்தில் அது மூக்கிலிருந்து நழுவியது. பிடிக்கப் போனேன். நூல் கட்டியிருந்த கால் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்குறிப்பு ஏழைப் படித்து முடித்தேன். முதலில் கண்ணாடியைப் பார்க்கவில்லை. படித்து முடித்தேன்.

மருமகள் கேட்டபோது துடைக்க எடுத்ததாகச் சொன்னேன். நாலு மாதமாக மேசை இழுப்பறையில், பழைய மழை அட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. தினமும் எட்டரைக்கு இறங்கி வந்து, துடைக்க ஒன்றுமில்லாமல் கையைத் துடைத்துக்கொள்கிறேன். நூல் கட்டிப் பார்த்தேன், எனக்குக் கட்ட வரவில்லை. மே மாதம் வரை காத்திருக்காதே. அடுத்த வாரமே வா. கறுப்பு நூல் கொண்டு வா.

இதைக் குழுவில் எழுதவில்லை. பக்கத்து சீட் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அண்ணா